நின்று சலம் போகலாமா, டொக்டர்?

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிளினிக்குக்கு வரும் திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்), ஆணுறுப்புச் சத்திரசிகிச்சை பற்றிச் சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டுக் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முழு வேலையிலும் கடினமான பகுதியே சலக்குழாயை நுனிவரை நீட்டுவதுதான்.

ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும்போது கிளிட்டோரிஸ் பெரிதாகும். அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை விடுவித்துச் சிறு ஆண்குறியாக அமைப்பது மெட்டோய்டியோபிளாஸ்டி. குழாயை நீட்டக் கன்னத்தின் உட்சவ்வு உதவும். உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீளம் சில சென்ரிமீற்றர்தான். உடலுறவுக்கு அநேகமாகப் போதாது.

உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஆண்குறி அமைக்கும் ஃபலோபிளாஸ்டி பெரிய வேலை. 1940களில் இங்கிலாந்தில் ஹரோல்ட் கில்லீஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மைக்கேல் டிலன் என்ற திருநம்பிக்கு இதைச் செய்து முடிக்கக் குறைந்தது 13 சத்திரசிகிச்சைகள் பிடித்தன. இப்போது முன்கைத் தோலை நாடி (இரத்தக்குழாய்), நரம்போடு எடுத்துச் சுருட்டி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் இணைக்கிறார்கள். இன்றும் ஒரே தடவையில் முடியாது. விறைப்புக்கான உள்கருவி, உணர்ச்சி திரும்பிய பிறகு, ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான்.

முன்கை சரிவருமா என்று பார்ப்பது லேசு. கையை இறுக்கிப் பொத்தச் சொல்லி, மணிக்கட்டின் இரு நாடிகளையும் அழுத்துவேன். விரித்தால் உள்ளங்கை வெளிறியிருக்கும். சுண்டுவிரல் பக்க நாடியை மட்டும் விட்டதும் சில செக்கனில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் அந்தக் கையைத் தொடக்கூடாது. மற்ற நாடிதான் தோலோடு போய்விடுமே.

தழும்பையும் யோசியுங்கள். நல்லூர்க் கோயிலில் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். முன்கையின் ஒட்டுத்தோல் எல்லோர் கண்ணிலும் படும். தொடையிலிருந்து எடுத்தால் வேட்டி மறைத்துவிடும், ஆனால் கொழுப்பு கூடிய தொடையென்றால் உறுப்பு தடித்துப்போகும். எங்கிருந்து எடுத்தாலும், குழாயாகப் போகும் தோலின் மயிரை மாதக்கணக்கில் லேசரால் முன்பே அகற்ற வேண்டும். விட்டால் உள்ளே வளர்ந்து கல் கட்டும். அப்புறம் சிகரெட்: நிறுத்தாதவருக்கு நான் கடிதமே எழுதுவதில்லை.

நீட்டிய குழாய் ஒழுகுவதும் சுருங்குவதும் அடிக்கடி நடப்பவை. சிறு ஒழுக்கு தானாக மூடலாம். மற்றவைக்கு மறுபடி கத்திதான். உட்கார்ந்து சலம் போவதில் மனக்குறை இல்லாதவர்கள் குழாயை நீட்டாமலே உறுப்பை அமைத்துக்கொள்ளலாம், இந்தத் தொல்லையில் பெரும்பகுதி விலகும். இதை முதலிலேயே சொல்லாத வைத்தியர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இந்தியாவில் செய்துவிட்டு வருபவர்கள் டயக்னோசிஸ் காட்டோடு (வீட்டுக்கு விடும்போது தரும் சுருக்க அறிக்கை) சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். சலத்தாரை மெலிந்தால் காட்டுங்கள். முற்றாக அடைத்தால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே போதனா வைத்தியசாலைக்கு வந்து, சலம் எடுக்க ரியூப் போடக் கைவைக்கும் முன், இது புதிதாக அமைத்த குழாய் என்று சொல்லுங்கள். தெரியாமல் தள்ளினால் உள்ளே கிழிந்துவிடும்.