அந்த எக்ஸ்பி பெட்டியைத் தொடாதீர்கள்

போன வாரம் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஒரு போன். "அண்ணா, சிஎம்எம் ஓடலீங்க. புது கம்ப்யூட்டர் வாங்கி விண்டோஸ் 11 போட்டோம். லைசென்ஸ் இல்லைன்னு சொல்லுதுங்க."

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை. சிஎம்எம் என்பது கடைந்த பாகத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் எந்திரம். அதன் ரிப்போர்ட் இல்லாமல் அங்கே சரக்கு லாரி ஏறாது. "பழைய சிபியு எங்கே?" என்று கேட்டேன். "சனிக்கிழமையே பழைய இரும்புக் கடைக்குப் போட்டாச்சுங்க."

பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் முதுகில், பிரிண்டர் போர்ட்டில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு டாங்கிள் செருகியிருந்தது. லைசென்ஸே அதுதான். உள்ளே பிசிஐ ஸ்லாட்டில் இருந்த கார்டுதான் எந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலரோடு பேசுவது. இரண்டும் எடைக்குப் போய்விட்டன. மதியம் வரை கடையில் துழாவி எடுத்தோம். டாங்கிளின் ஒரு திருகு உடைந்திருந்தது; நல்லவேளை, பின்கள் வளையவில்லை. இந்த வருடம் இது எனக்கு மூன்றாவது கேஸ்.

"இந்தக் காலத்துலயும் எக்ஸ்பியா?" என்று சிரிக்காத ஆளில்லை. ஓனர் கஞ்சன், மெயின்டனன்ஸ் ஆள் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் ஓஎஸ்ஸை, அதாவது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை சாப்ட்வேரை, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, சாமி! எந்திரம் வாங்கும்போதே அது கூடவே வந்துவிடுகிறது. நல்ல எந்திரம் 20, 25 வருடம் உழைக்கும். எக்ஸ்பி வந்தது 2001-ல். மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8-ல். 2008-ல் எந்திரம் விற்றவர் தன் சாப்ட்வேரையும், கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவரையும் எக்ஸ்பியில் சோதித்துக் கொடுத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்த 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. "கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பார்க்கலாமே" என்பவர்களுக்கு: பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கும் அந்த வசதி சாப்ட்வேருக்கு, டிரைவருக்கு இல்லை. மருந்துக் கம்பெனி என்றால் இன்னும் வம்பு. ஓஎஸ் மாறினால், எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நிரூபிக்கும் வேலிடேஷனை மறுபடி செய்து காகிதம் காட்ட வேண்டும்.

இன்னொரு பயம், விண்டோஸ் தொங்கினால் எந்திரமும் தறிகெட்டு ஓடும் என்பது. ஓடாது. வெட்டுவது, நிறுத்துவது எல்லாம் பொதுவாக பிஎல்சி அல்லது சிஎன்சி கன்ட்ரோலர் என்ற, எந்திரத்தை ஓட்டும் தனிக் கருவியின் பொறுப்பு. அதற்கு, சொன்ன நொடியில் வேலையைச் செய்யும் தனி ரியல்டைம் ஓஎஸ் உண்டு. அப்டேட் வந்தால் பாதியில் ரீஸ்டார்ட் ஆகிற ஒன்றின் கையில் பொதுவாக யாரும் கத்தியைக் கொடுப்பதில்லை. விண்டோஸ் பெரும்பாலும் திரைக்கு மட்டும். "அதற்கு லினக்ஸ் போட்டிருக்கலாமே?" போட்டிருக்கலாம்தான். ஆனால் பல கம்பெனிக் கருவிகளை ஒரே திரையில் பேச வைக்க 1996-ல் வந்த ஓபிசி என்ற பொது விதிமுறை, மைக்ரோசாப்ட்டின் தொழில்நுட்பத்தின் மேலேயே கட்டப்பட்டது. 2008-ல் அதன் அடுத்த தலைமுறையான ஓபிசி யுஏ வந்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது.

ஆபீஸ் கதை எளிது. டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆடிட்டர் அனுப்பும் மேக்ரோ போட்ட எக்செல். மூன்றும் விண்டோஸ் கேட்கும். அப்புறம் என்ன தேர்வு? ஆனால் அங்கே பழசை வைத்துக்கொள்ளக் காரணமே கிடையாது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ல் சப்போர்ட் முடிந்துவிட்டது. தினமும் மெயில் திறக்கிற, பேங்க் சைட்டுக்குப் போகிற கணக்காளர் மேஜையில் கிராக் போட்ட விண்டோஸ் 7. வெளியுலகையே பார்க்காத சிஎம்எம்முக்கு விண்டோஸ் 11. என்ன கணக்கு இது?

பழைய ஓஎஸ் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது சிக்கியதில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டார்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் நின்றதும் அதன் மாறுபட்ட வடிவத்தால்தான். ஒரு புது எந்திரத்துக்கு சாப்ட்வேர் போட்டவர்கள் வைரஸ் ஸ்கேன் செய்யாமலே நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். எக்ஸ்பி பெட்டியை ஒழித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

எந்திரத்துக் கம்ப்யூட்டரை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். வைஃபை வேண்டாம். நைட் ஷிப்டில் அதில் யூடியூப் பார்ப்பவரை நானே பார்த்திருக்கிறேன். கேபிளைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவ். ஆபீஸில் ஸ்கேன் செய்த பிறகே செருக வேண்டும். சர்வீஸுக்கு வருபவரின் லேப்டாப்புக்கும் அதே விதி. நான் வந்தாலும்தான்.

ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுங்கள், அதாவது ஓஎஸ்ஸோடு சேர்த்து அப்படியே ஒரு நகல். தயவுசெய்து ஒரு முறையாவது அதை வேறு டிஸ்க்கில் ஏற்றி பூட் செய்து பாருங்கள். "பேக்கப் இருக்குங்க" என்று சொல்லி, திறந்தால் காலி ஃபோல்டர் காட்டியவர்கள் எத்தனை பேர்! அதே மாடல் மதர்போர்டு செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். டாங்கிள் மேல் 'கழற்றாதே' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

புது எந்திரம் வாங்கப் போகிறீர்களா? எந்த ஓஎஸ், அதற்கு எந்த வருடம் வரை சப்போர்ட், இன்ஸ்டாலேஷன் மீடியா கையில் தருவீர்களா என்று கேளுங்கள். சாதாரண விண்டோஸ் 10 முடிந்துவிட்டாலும், எந்திரங்களுக்கென்று வரும் ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பேட்ச் உண்டு; விவரம் தெரிந்த சப்ளையர் அந்த மாதிரி ஒன்றைத்தான் போடுவார். பதிலை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்கள் போன் செய்யும்போது அந்த சேல்ஸ் மேனேஜர் வேறு கம்பெனியில் இருப்பார்.