உதவ வரும் வயதில் விரட்டிவிட்டு, பத்து வயதில் ஏன் திட்டுகிறோம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புளி சீசன் வந்துவிட்டால் பல வீட்டுத் திண்ணைகளில் ஒரே வேலைதான். காய்ந்த பழத்தின் ஓட்டை உடைத்து உதிர்த்து, நாரை உருவி, கல்மேல் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். அங்கே இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் அது சும்மா இருக்காது. நடுவில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு பழத்தைப் பிய்க்கும், பாதியை வாயில் வைக்கும், மீதியை ஓட்டுக் குப்பையில் போடும். "எந்திரிச்சுப் போ சாமி, கையில அடிபட்டுடும்" என்று பாட்டி தூக்கி ஓரமாக உட்கார வைப்பார். அதே குழந்தைக்குப் பத்து வயதாகும்போது, "ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டேங்குது" என்று அதே வீட்டில் பேச்சு நடக்கும்.

இது குழந்தையின் சோம்பேறித்தனம் இல்லை. உதவ வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கு முதலில் வந்துவிடுகிறது, உதவும் திறமை பல வருடம் கழித்துத்தான் வருகிறது. இந்த இடைவெளியில் வீட்டில் நடப்பதுதான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆசை அவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை பெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எடுக்க முடியாமல் கையை நீட்டுவார், அல்லது கை நிறையப் பத்திரிகைகளோடு வந்து மூடிய அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்கவில்லை, பரிசு எதுவும் தரவில்லை. ஆனாலும் 22 குழந்தைகள் ஏதாவது ஒரு தடவையாவது எழுந்து போய் உதவின. அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே தூக்கி எறிந்தபோது அவ்வளவாக எடுத்துத் தரவில்லை. அதாவது எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டே உதவுகின்றன. சரியாகப் பேசக்கூட வராத வயதில்!

இந்த ஆசையை நாம் கெட்ட எண்ணத்தோடு அணைப்பதில்லை. அவசரம்தான் காரணம். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் பிடிக்க வேண்டிய அம்மாவுக்கு, குழந்தை துடைப்பத்தைப் பிடித்து இழுத்தால் பத்து நிமிட வேலை அரை மணி நேரம் ஆகும். அதனால் பலர் குழந்தை தூங்கும்போதே வேலையை முடித்துக்கொள்கிறார்கள், விழித்திருந்தால் கையில் செல்போனைக் கொடுக்கிறார்கள். குழந்தைக்குப் போய்ச் சேரும் செய்தி ஒன்றே ஒன்று: வேலை பெரியவங்களோடது, நீ விளையாடு. வருடக்கணக்கில் இதைச் சொல்லிக் கொடுத்தால் அது நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

பார்பரா ரோகாஃப், லூசியா அல்கலா ஆகியோர் மெக்சிகோவில் செய்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான வீடுகள் வருகின்றன. பூர்வகுடி மரபுள்ள குடும்பங்களில் சின்னக் குழந்தைகளைப் பெரியவர்களின் வேலைக்கு நடுவிலேயே இருக்க விடுகிறார்கள், சொதப்பினாலும் ஒரு சின்னத் துண்டு வேலை கையில் இருக்கும். ஆறு முதல் எட்டு வயதில் அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வீட்டு வேலையில் இறங்குவதாகத் தாய்மார்கள் சொன்னார்கள். நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் அது குறைவாகவே இருந்தது. நம் திண்ணையிலும் சில பாட்டிகள் இதைத்தான் செய்கிறார்கள். தட்டும் கல்லுக்கு எட்டாத தூரத்தில் உட்கார வைத்து, நாலு பழத்தை முன்னால் போட்டு, "நீ நாரை உருவு கண்ணு" என்பார்கள். உருவிய பழம் மண்ணில் விழும், பாட்டி அதை ஊதிவிட்டுக் கூடையில் போடுவார். குழந்தை அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கும். தான் உருவியது உண்மையாகவே அதில் சேர்கிறதா என்பது அதற்கு அவ்வளவு முக்கியம். (பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கூலிக்குப் புளி தட்ட வைப்பதை நான் சொல்லவில்லை. அது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.)

சரி, பத்து ரூபாய் கொடுத்தால் செய்வானே என்று கேட்கலாம். செய்வான், கொஞ்ச நாளைக்கு. 2008-ல் அதே வார்னெகனும் டொமசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, உதவிய ஒவ்வொரு முறையும் ஒரு விளையாட்டுப் பொருள் கொடுத்தார்கள். பிறகு பரிசை நிறுத்தியதும், பரிசே வாங்காத குழந்தைகளை விட இவர்கள் குறைவாக உதவினார்கள். வெறும் பாராட்டு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. 1973-ல் மார்க் லெப்பர் குழுவினர் பாலர் பள்ளியில் கண்டதும் இதே மாதிரிதான்: படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிற்பாடு தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறத்தாழ பாதிதான். "நான் ஏன் இதைச் செய்தேன்?" என்று மனசு தனக்குத்தானே ஒரு பதில் சொல்லிக்கொள்கிறது. கண்முன் பணம் இருந்தால் பதில் பணம்தான், அம்மாவுக்குக் கை கொடுத்தேன் என்ற பதில் பின்னால் போய்விடுகிறது. பிடித்த வேலையில்தான் இந்தக் கெடுதல் அதிகம், யாருக்குமே பிடிக்காத வேலைக்கு எப்போதாவது ஒரு பரிசு கொடுப்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

அப்புறம் மூளை விஷயம். "ரூமைச் சுத்தம் பண்ணு" என்பது நமக்கு ஒரு வேலை, ஆறு வயதுக்கு அதற்குள் எட்டு வேலை ஒளிந்திருக்கிறது. வரிசைப்படுத்தி நினைவில் வைத்துச் செய்ய உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடமாகும். அழுக்குத் துணியை மட்டும் பக்கெட்டில் போடு என்றால் போட்டுவிடும்.

பிள்ளைகள் பார்த்துக் கற்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் அந்த வேலையில் கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அப்பா சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போகும் வீட்டில், பையனிடம் எந்த உளவியலும் எடுபடாது. பெண் பிள்ளையிடம் எடுபடும், ஆனால் பாரம் முழுவதும் அவள் தலையில் ஏறும். அப்பா களி கிண்டட்டும், பையன் பாத்திரத்தை அசையாமல் பிடிக்கட்டும்.

ஏற்கெனவே பத்து வயதாகிவிட்டதா? அப்போதும் வழி உண்டு, தினமும் ஏவுவதை விட்டுவிட்டு ஒரு முழு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பொருத்தமானது குடிதண்ணீர். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல்லில் கறை விழும், தம்பி பாப்பாவுக்கு இப்போதுதான் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று காரணத்தோடு சொல்லுங்கள். அந்தத் திட்டக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம்தான் அடையாளம், கேட்டதும் குடிக்கிற குடத்தை எடுத்து வைப்பது அவன் பொறுப்பு. இப்படி ஒரு அடையாளத்தோடு கட்டிய செயல்தான் பழக்கமாகும். லண்டனில் பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் அதற்கு 18 முதல் 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள், அதனால் ஒரே வாரத்தில் கைவிட வேண்டாம். ஒருநாள் மறந்துபோவான். அன்றைக்கு நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டால் அது மறுபடி உங்கள் வேலையாகிவிடும், பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்டு வாங்கி வர அவனையே அனுப்புங்கள்.