29 வாங்கியவர் தோற்றார், 23 வாங்கியவர் வென்றார்: மாநிலங்களவைத் தேர்தலில் வாக்கு எண்ணுவது எப்படி?

2022 ஜூன் 10 அன்று அரியானாவிலிருந்து மாநிலங்களவைக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநில எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்தார்கள். போட்டியில் மூன்று பேர் இருந்தார்கள்: பாஜகவின் கிருஷண் லால் பன்வார், காங்கிரஸின் அஜய் மாக்கன், பாஜக ஆதரவோடு நின்ற சுயேச்சை கார்த்திகேய சர்மா. இந்தத் தேர்தலில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.யும் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையைச் சீட்டில் குறிப்பார்; 1 என்பது முதல் விருப்பம். நள்ளிரவு தாண்டி எண்ணி முடித்தபோது முதல் விருப்ப வாக்குகளில் பன்வாருக்கு 36, மாக்கனுக்கு 29, சர்மாவுக்கு 23. வென்றவர்கள் பன்வாரும் சர்மாவும்.

சட்டமன்றத் தேர்தலையும் மக்களவைத் தேர்தலையும் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். அந்தத் தேர்தல்களில் யாருக்கு அதிக வாக்கோ அவர் ஜெயித்தார், கதை முடிந்தது. மாநிலங்களவைக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 80(4) பிரிவு வேறொரு முறையை வகுத்திருக்கிறது: ஒற்றை மாற்று வாக்கு வழியிலான விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். பெயர் நீளமானதுதான். ஆனால் கணக்கில் கூட்டல், கழித்தல், வகுத்தல் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு தடவை பொறுமையாகப் போட்டுப் பார்த்துவிட்டால் அரியானாவில் நடந்தது முழுக்கப் புரிந்துவிடும்.

முதலில் நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு இடங்கள் காலியாகும். அப்போதெல்லாம் "ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்" என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்வார்கள். அந்த 34 எங்கிருந்து வருகிறது?

எண்ணும் விதிகளின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் செல்லுபடியாகும் ஒவ்வொரு வாக்குச் சீட்டுக்கும் 100 என்று மதிப்பு வைக்கிறார்கள். 234 பேரும் வாக்களித்து எல்லாமே செல்லுபடியானால் மொத்த மதிப்பு 23,400. இதை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆறு இடங்கள் என்றால் ஏழால். 3342 வரும், பின்னம் மிஞ்சும். பின்னத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 3343. இதுதான் வெற்றிக்கான கோட்டா. 33 வாக்கு என்றால் 3300, போதாது. 34 என்றால் 3400, தாண்டிவிடும்.

ஆறு இடங்களுக்கு ஏன் ஏழால் வகுக்க வேண்டும்? ஆறு பேர் தலா 3343 வாங்கினால் 20,058 தீர்ந்துபோகும். மிச்சம் 3342. ஏழாவதாக ஒருவர் அந்த மிச்சத்தை மொத்தமாக அள்ளினாலும் கோட்டாவுக்கு ஒன்று குறைவாகவே இருக்கும். அதாவது ஆறு பேர் எட்டலாம், ஏழாவது ஆள் எந்தக் காலத்திலும் எட்ட முடியாது என்று உறுதி தரும் மிகச் சிறிய முழு எண் 3343. ஹென்றி டிரூப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 19ஆம் நூற்றாண்டில் முன்வைத்த கணக்கு இது. எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் சூத்திரமும் இதுதான். இதைவிடக் குறைத்தால் ஏழு பேர் வென்றுவிடும் ஆபத்து உண்டு, கூட்டினால் தேவையில்லாமல் வாக்குகள் முடங்கும்.

விகிதாச்சாரமும் இங்கேதான் பிறக்கிறது. 160 எம்.எல்.ஏ.க்கள் உள்ள அணி நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும், 74 பேர் உள்ள அணி இரண்டு பேரை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பெரும்பான்மை பார்த்திருந்தால் 160 பேர் உள்ள அணியே ஆறையும் எடுத்துக்கொண்டிருக்கும்.

இனி அரியானாவுக்குத் திரும்புவோம். அங்கே 90 எம்.எல்.ஏ.க்கள். ஒருவர் வாக்களிக்க வரவில்லை. பதிவான 89இல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் வாக்கு செல்லாததாகிவிட்டது. மிச்சம் 88, மதிப்பு 8800. இரண்டு இடங்கள் என்பதால் மூன்றால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கோட்டா 2934. பன்வாரின் 36 சீட்டுகளுக்கு மதிப்பு 3600. கோட்டாவைத் தாண்டியதால் அவர் முதல் சுற்றிலேயே வென்றார். மாக்கனுக்கு 2900, கோட்டாவுக்கு 34 குறைவு. சர்மாவுக்கு 2300.

இரண்டாம் இடத்துக்கு இன்னும் யாரும் கோட்டாவை எட்டவில்லை. அப்போதுதான் வாக்கு நகரத் தொடங்கும்.

பன்வாருக்குத் தேவை 2934, கிடைத்தது 3600. உபரி 666. இந்த உபரியை வீணாக விடுவதில்லை என்பதே இந்த முறையின் உயிர். அவருடைய 36 சீட்டுகளையும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றிலும் "2" யாருக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தனித்தனிக் கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். 2 போட்ட வேட்பாளர் ஏற்கெனவே வென்றிருந்தாலோ விலக்கப்பட்டிருந்தாலோ அவரைத் தாண்டி 3ஆவது விருப்பத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் ஒரு நூறு ரூபாய் நோட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்வாரை வெல்ல வைக்க அதில் 81 ரூபாய் 50 காசு செலவாகிவிட்டது. மீதி 18 ரூபாய் 50 காசு, அதே எம்.எல்.ஏ.யின் அடுத்த விருப்பத்துக்குப் போகிறது. எந்த 36 பேர் பன்வாரைத் தேர்ந்தெடுத்தார்களோ அவர்கள் எல்லோருக்கும் அந்த மீதியில் சம பங்கு உண்டு.

அன்று அந்த உபரி சர்மாவுக்குப் போனது. 2300உடன் 666ஐ அப்படியே சேர்த்தால் 2966. விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பின்னத்தை விட்டுவிட வேண்டும். ஒரு சீட்டுக்கு 18 வீதம் 36 சீட்டுகளுக்கு 648, ஆக 2948. எப்படிப் போட்டாலும் 2934ஐத் தாண்டிவிட்டது. மாக்கன் 2900இலேயே நின்றுவிட்டார்.

இதில் அநியாயம் உண்டா? நான் இல்லை என்பேன். பன்வாருக்கும் சர்மாவுக்கும் வாக்களித்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால் 59 பேர், மதிப்பு 5900. இரண்டு கோட்டா என்பது 5868. அந்த 59 பேருக்கு இரண்டு இடங்கள் பெறும் பலம் இருந்தது, வெறும் 32 மிச்சத்தில். அந்தப் பலத்தை அவர்கள் 36, 23 என்று பிரித்துப் போட்டாலும் 30, 29 என்று பிரித்துப் போட்டாலும் முடிவு ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் இந்த முறையின் நோக்கம். உபரியை நகர்த்தாவிட்டால் ஒரே வேட்பாளருக்குக் கூடுதலாக வாக்களித்ததே அவர்களுக்குத் தண்டனையாகியிருக்கும்.

ஆனால் அந்த "2" இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அடுத்த விருப்பம் குறிக்கப்பட்ட சீட்டுகளின் மொத்த மதிப்பு உபரியைவிடக் குறைவாக இருந்தால், அவை முழு மதிப்போடு, 100 வீதமே நகரும். பன்வாருக்குப் போட்ட 36 பேரில் ஐந்தே பேர் சர்மாவுக்கு 2 போட்டு மற்றவர்கள் 1 மட்டும் போட்டிருந்தால், சர்மாவுக்கு 500 சேர்ந்து 2800 ஆகியிருக்கும், மாக்கன் வென்றிருப்பார். ஆறு பேர் போட்டிருந்தால் 2900, மாக்கனோடு சமம். சமமாகிக் கடைசியில் நிற்பவர்களில் முதல் விருப்ப வாக்கு குறைவாக வாங்கியவரைத்தான் விலக்க வேண்டும் என்பது விதி. அப்போதும் சர்மாவே வெளியேறியிருப்பார். ஏழு பேர் போட்டிருந்தால் 700, உபரியைவிட அதிகம். ஆகவே 666ஐ ஏழால் வகுத்துச் சீட்டுக்கு 95 வீதம் 665 சேரும். சர்மா 2965. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஒரு எம்.பி. பதவி.

அந்த ஒரு செல்லாத வாக்கையும் மறந்துவிடக் கூடாது. அது மாக்கனுக்குச் செல்லுபடியாகும் வாக்காக இருந்திருந்தால் மொத்தம் 8900, கோட்டா 2967. மாக்கன் 3000 வாங்கி முதல் சுற்றிலேயே வென்றிருப்பார். எதிரணியின் 5900, இரண்டு கோட்டாவான 5934க்குப் போதாமல் போயிருக்கும். செல்லாத வாக்கு ஒருவரின் கணக்கில் ஒன்றைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எல்லோரும் தாண்ட வேண்டிய கோட்டாவையும் அது நகர்த்திவிடுகிறது.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று 2017 ஆகஸ்ட் 8 அன்று குஜராத்தில் நடந்த தேர்தல். மூன்று இடங்கள், 176 வாக்குகள். மாநிலங்களவைத் தேர்தலில் 2003இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. கட்சி உறுப்பினர், குறித்த சீட்டைத் தன் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட முகவருக்குக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். வேறு யாருக்கும் காட்டக் கூடாது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேர் தங்கள் சீட்டை மற்றவர்களுக்கும் காட்டினார்கள் என்று புகார் எழுந்தது. நள்ளிரவுவரை இழுபறி. கடைசியில் தேர்தல் ஆணையம் அந்த இரண்டையும் செல்லாதவை என்றது. மிஞ்சிய 174இல் அமித் ஷாவுக்கும் ஸ்மிருதி இரானிக்கும் தலா 46, காங்கிரஸின் அகமது படேலுக்கு 44, பல்வந்த்சிங் ராஜ்புத்துக்கு 38. மொத்த மதிப்பு 17,400. நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கோட்டா 4351. படேலின் 4400 அதைத் தாண்டியது.

படேலுக்கு அல்லாமல் எதிரணிக்கு விழுந்த அந்த இரண்டு வாக்குகளும் செல்லுபடியாகியிருந்தால்? 17,600ஐ நான்கால் வகுத்தால் 4400, ஒன்றைக் கூட்டினால் 4401. படேலிடம் இருந்தது 4400. ஒரு வாக்கில் நூறில் ஒரு பங்கு குறைவு! முதல் சுற்றில் வென்றிருக்க மாட்டார், மற்ற இருவரின் உபரியையும் பிரித்துப் பார்த்த பிறகே மூன்றாம் இடம் முடிவாகியிருக்கும்.

உபரியைப் பிரித்த பிறகும் இடங்கள் மிஞ்சினால் அடுத்த வேலை கீழிருந்து தொடங்கும். மிகக் குறைந்த மதிப்பு உள்ளவரை விலக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு நகர்த்துவார்கள். அவருக்கு முதல் விருப்பமாக விழுந்த சீட்டுகள் முழு 100 மதிப்போடு போகும். இடையில் வேறொருவரிடமிருந்து வந்த சீட்டுகள் என்ன மதிப்பில் வந்தனவோ அதே மதிப்பில் போகும். எஞ்சியிருக்கும் வேட்பாளர்களும் எஞ்சியிருக்கும் இடங்களும் சமமாகும்போது, கோட்டாவை எட்டாவிட்டாலும் அவர்கள் வென்றதாக அறிவிக்கப்படுவார்கள். 2013இல் தமிழ்நாட்டில் அபூர்வமாகப் போட்டி வந்தது. ஆறு இடங்களுக்கு ஏழு பேர். 34 வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்தத் தேர்தலில் கனிமொழிக்குக் கிடைத்த முதல் விருப்ப வாக்குகள் 31. தேமுதிக வேட்பாளர் இளங்கோவனுக்கு 22. ஆறு பேரில் ஒருவராகக் கனிமொழி மாநிலங்களவைக்குப் போனார்.

அயர்லாந்தில் இதே முறையில் பொதுமக்களே நாடாளுமன்றக் கீழவைக்கு வாக்களிக்கிறார்கள். தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள், ஏராளமான வேட்பாளர்கள், சுற்றுக்கு மேல் சுற்றாக நாட்கணக்கில் எண்ணிக்கை. ஆனால் அங்கே உபரியைப் பிரிக்கும்போது சீட்டின் மதிப்பைக் குறைப்பதில்லை. தேவையான எண்ணிக்கையில் முழுச் சீட்டுகளையே எடுத்து அடுத்தவரின் கட்டில் சேர்க்கிறார்கள். எந்தச் சீட்டு கையில் வருகிறது என்பதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்துவிடுகிறது. அவர்களுடைய மேலவைத் தேர்தலிலோ ஒரு வாக்குக்கு 1000 மதிப்பு வைத்து நம்மைப் போலவே பங்கிடுகிறார்கள். மதிப்பைப் பங்கிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

வாக்குச் சீட்டைக் குறிப்பதிலும் ஒரு செய்தி உண்டு. 1, 2, 3 என்று எழுதலாம், ரோமன் எண்ணில் எழுதலாம், இந்திய மொழி எதன் எண்ணிலும் எழுதலாம். நம் எம்.எல்.ஏ. ஒருவர் ௧, ௨ என்று தமிழ் எண்ணில் குறித்தாலும் செல்லும். "ஒன்று" என்று எழுத்தால் எழுதினாலோ டிக் போட்டாலோ செல்லாது. 1 இல்லாத சீட்டும், இருவருக்கு 1 போட்ட சீட்டும் செல்லாதவை. 2 போடாவிட்டால் சீட்டு செல்லும், ஆனால் நகர வேண்டிய நேரத்தில் அது நகராது. 'யாருக்கும் இல்லை' என்னும் நோட்டாவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களவைத் தேர்தலிலிருந்து நீக்கிவிட்டது.

இவ்வளவு நுட்பமாக அமைந்த முறையில் எனக்கு உறுத்தும் ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு இடத்துக்குத் தேர்தல் நடந்தால் சீட்டின் மதிப்பு 100 அல்ல, 1. கோட்டா, மொத்த வாக்குகளில் பாதியோடு ஒன்று. அப்போது விகிதாச்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பெரும்பான்மை அணிதான் வெல்லும். 2019இல் அமித் ஷாவும் ஸ்மிருதி இரானியும் மக்களவைக்குப் போனதால் குஜராத்தின் இரண்டு இடங்கள் காலியாயின. இடைத்தேர்தல் காலியிடங்களைத் தனித்தனியாகவே நடத்துவது தேர்தல் ஆணையத்தின் நெடுநாள் வழக்கம். அதன்படி ஜூலை 5 அன்று இரண்டுக்கும் ஒரே நாளில், தனித்தனித் தேர்தல்களாக வாக்குப்பதிவு நடந்தது. சேர்த்து நடத்தியிருந்தால் 182 பேரும் வாக்களித்தாலும் 61 வாக்கு போதும். காங்கிரஸிடம் 71 பேர் இருந்தார்கள். தனித்தனியாக நடந்ததால் இரண்டும் பாஜகவுக்கே போயின. காங்கிரஸ் முன்கூட்டியே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேண்டுமானால் முடிவு வந்தபின் தேர்தல் வழக்கு தொடருங்கள் என்று நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. இதில் பயன் பெறும் கட்சி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே நாளில், அதே எம்.எல்.ஏ.க்களைக் கொண்டு நிரப்பும் இடங்களை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று விதியைத் திருத்துவதுதான் 80(4) பிரிவுக்குப் பொருந்தும்.