லப்டொப்புக்குள் ஒரு கிராம் தண்ணீர்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, கலியாண வீடியோ எடிட் பண்ண வேணும். இரவிலை கேமும் ஓட வேணும். கொழும்புக்கும் வன்னிக்கும் பஸ்ஸிலை கொண்டு திரியவும் வேணும். ஐ7 எடுக்கவோ, ஐ9 எடுக்கவோ?"

இன்ரெல் மையச் செயலிச் சிப்புகளின் பெயரில் வரும் ஐ7, ஐ9 என்ற எண்ணைப் பார்த்து லப்டொப் வாங்குவதும் நாள் நட்சத்திரம் பார்த்து வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஐ9 சிப்பை இரண்டு நிறுவனங்கள் இரண்டு பெட்டிகளில் வைத்து விற்கும். ஒன்று மணிக்கணக்காக ஓடும். மற்றது ஐந்தாவது நிமிடத்தில் நடையாகிவிடும். வித்தியாசம் சிப்பில் இல்லை, சிப்பின் சூட்டை வெளியே கொண்டுபோகும் ஏற்பாட்டில் இருக்கிறது. குளிரூட்டிய அறைக்குள் இருந்து வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லாமல் போகலாம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்து எடிட் பண்ணுகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. லப்டொப்புக்குள் போகும் மின்சக்தி கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். மணமகள் சிரிக்கும் காட்சி ரெண்டர் ஆனாலும், கேமில் எதிரி விழுந்தாலும் பௌதிகவியலுக்கு இரண்டும் ஒன்றே. எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வாற்றுக் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லப்டொப் செய்யும் நிறுவனம் அதற்கு 35 வாற்றிலிருந்து 115 வாற்று வரை எவ்வளவு வலுவும் கொடுக்கலாம் என்று அந்தச் சிப்பின் சொந்தக்கார நிறுவனமான என்விடியா அனுமதித்திருக்கிறது. பெட்டியில் ஒட்டிய பெயர் ஒன்றுதான், வேகமோ மலைக்கும் மடுவுக்கும். இத்தோடு மையச் செயலி ஒரு 45 வாற்று கேட்டால், இரண்டு விரல் தடிப்புக்குள் 150 வாற்றுக்கு மேல் சூடு. அந்தச் சூடு வெளியேறாவிட்டால், சிப் 95 முதல் 105 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். படம் திக்கித் திக்கி ஓடுவது அப்போதுதான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கேமிங் லப்டொப்பின் அடி மூடியைக் கழற்றினால், சிப்பின் மேலிருந்து ஓரத்து விசிறிவரை தட்டையான செம்புக் குழாய்கள் ஓடுவது தெரியும். பார்த்தவர்கள் எல்லோரும், "செம்பு நல்ல வெப்பக் கடத்தி, அதுதான் செம்பு போட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு மூடியைப் பூட்டுவார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மில்லிமீற்றர் விட்டமும் 20 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள திடமான செம்புக் கம்பி ஒன்று. செம்பின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறனின் அளவு, மீற்றருக்கு, பாகைக்கு ஏறத்தாழ 400 வாற்று. இந்தக் கம்பி வழியாக 40 வாற்று வெப்பம் போக வேண்டுமென்றால் இரண்டு முனைகளுக்கும் இடையில் 700 பாகைக்கு மேல் வெப்பநிலை வித்தியாசம் இருக்க வேண்டும்! அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். செம்பு தனியாக இந்த வேலையைச் செய்யவே முடியாது. ஆனால் உங்கள் லப்டொப்பில் உள்ள குழாய் ஒரு சில பாகை வித்தியாசத்திலேயே இதைச் செய்துவிடுகிறது.

காரணம், அது கம்பி அல்ல, ஹீற் பைப் எனப்படும் வெப்பக் குழாய். உள்ளே வெற்றிடமான, இரண்டு பக்கமும் அடைத்த குழாய். வளியை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே ஏறத்தாழ ஒரு கிராம் சுத்தமான தண்ணீரை விட்டு மூடியிருக்கிறார்கள். வளி இல்லாததால் உள்ளே இருக்கும் அமுக்கம் தண்ணீராவியின் அமுக்கம் மட்டுமே. 30 பாகையில் அது வளிமண்டல அமுக்கத்தின் 24இல் ஒரு பங்களவு. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அமுக்கம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். இந்தக் குழாய்க்குள் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால், தண்ணீர் 100 பாகைக்காகக் காத்திருப்பதே இல்லை. சிப்பின் பக்கம் கொஞ்சம் சூடேறினாலே அங்கே ஆவியாகும். ஆவி, அமுக்கம் குறைந்த குளிர்ந்த முனைக்கு ஓடும். அங்கே விசிறிக் காற்று அடிக்கும் தகடுகளுக்குக் கீழே ஒடுங்கி மீண்டும் தண்ணீராகும்.

ஆவியாகும்போது தண்ணீர் எவ்வளவு வெப்பத்தை விழுங்கும் என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 290 யூல் போதும். அதே கிராமை, வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறாமல், ஆவியாக மாற்ற 2,260 யூல் வேண்டும். இந்தத் தன்மறைவெப்பத்தை ஆவி சுமந்துகொண்டு போய், ஒடுங்கும் இடத்தில் அப்படியே இறக்கிவிடும். நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவதும் இதனால்தான். பானையின் கொதிதண்ணீர் மாவைத் தொடுவதே இல்லை. ஆவி மாவில் பட்டு ஒடுங்கி, கொண்டுவந்த வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. லப்டொப்பில் பானையின் இடத்தில் சிப், மாவின் இடத்தில் தகடுகள்.

40 வாற்றைச் சுமக்க நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் வருகிறது. உள்ளே இருப்பதும் அவ்வளவுதான். நீங்கள் கேம் விளையாடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குழாயில் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரு தடவை ஆவியாகி, ஒரு தடவை ஒடுங்கி, பழைய இடத்துக்கு வந்து சேர்கிறது. மோட்டர் இல்லை, பம்பி இல்லை, ஒரு சத்தமும் இல்லை.

பம்பி இல்லாமல் தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது? குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சூடாக்கி ஒட்ட வைத்த நுண்துளைப் படை ஒன்று இருக்கும். சில குழாய்களில் மெல்லிய வலையோ தவாளிப்போ இருக்கும். துளைகளின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கு. அவ்வளவு சிறிய துளையில் நீரின் பரப்பிழுவிசையே பம்பியின் வேலையைச் செய்கிறது. ஆரை 50 மைக்குரோமீற்றர் என்றால், ஏறத்தாழ கால் மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் இழுவை கிடைக்கும். அதனால்தான் லப்டொப்பை மடியில் சரித்து வைத்தாலும், பஸ்ஸில் நட்டுக்குத்தாக நின்றாலும் தண்ணீர் சிப் இருக்கும் பக்கம் ஊர்ந்து வந்துவிடுகிறது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆவியாகும் வேகம் தண்ணீர் திரும்பி வரும் வேகத்தை மிஞ்சினால் சிப்பின் பக்கம் வரண்டுவிடும். வரண்ட கணத்திலிருந்து அது வெறும் செம்புக் குழாய்தான். வெப்பநிலை சட்டென்று ஏறும். மெல்லிய லப்டொப்பில் அடக்குவதற்காகக் குழாயைத் தட்டையாக நசுக்குவார்கள். நசுக்க நசுக்க ஆவி போகும் வழி ஒடுங்கி, சுமக்கக்கூடிய வாற்றும் குறையும். "மெல்லிசு, பாரமில்லை, பவர் கூட" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் விளம்பரத்தை நான் நம்பாததற்குக் காரணம் இந்தக் குழாய்தான்.

இது யாருடைய மூளையில் பிறந்தது என்பதும் சுவையான கதை. ஜெனரல் மோட்டர்ஸில் இருந்த ரிச்சர்ட் கோக்லர் 1942இல் குளிர்சாதனப் பெட்டிக்காக இதே மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1944இல் கிடைத்தது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர், விண்வெளியில் அணுவலுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்காக இதை மறுபடி கண்டுபிடித்தார். அன்று அதற்குப் பணம் ஒதுக்கியவர் எவரும் புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீடியோ இதனால் நேரத்துக்கு முடியும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் "இதாலை உடனே என்ன பிரயோசனம்?" என்று கேட்கும் எங்கள் நாட்டுப் பழக்கம் எனக்கு எரிச்சல் ஊட்டுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 வீதத்தின் பத்தில் ஒரு பங்கையொட்டிய தொகையை ஆராய்ச்சிக்குச் செலவிட்டுக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் வெக்கையில், எங்கள் புழுதியில் எந்தக் கருவி எவ்வளவு காலம் தாங்கும் என்று அளக்க அதைவிட நல்ல இடம் எது? அதற்குக் கொடுக்கக் காசு இல்லை. கதிர்வீச்சை உறிஞ்சும் என்று சொல்லி லப்டொப்பில் ஒட்ட விற்கும் பொன் நிற ஸ்ரிக்கருக்கு மட்டும் எங்களிடம் காசு இருக்கிறது. புது லப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது அவரவர் மனம். விபூதியை மட்டும் காற்றுத் துளைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சரி, வன்னிக்கு வருவோம். யூரியூப்பில் விமர்சனம் செய்பவர்கள் பெரும்பாலும் 22 பாகை அறையில் இருந்துதான் அளக்கிறார்கள். தகடுகளிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் இரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. உயர்தரத்தில் படித்த நியூற்றனின் குளிரல் விதிதான். சிப் 95 பாகை, அறை 22 பாகை என்றால் வித்தியாசம் 73. மாங்குளத்தில் மத்தியானம் 35 பாகை என்றால் 60. அதே லப்டொப், அதே விசிறி, ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பம் 18 வீதம் குறைவு. விமர்சகருக்கு 140 வாற்றில் நின்றது உங்களுக்கு 115இல் நிற்கும். இதை மனதில் வைத்துத்தான் அவர்கள் காட்டும் எண்களைப் படிக்க வேண்டும்.

அதோடு புழுதி. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டுப் பக்கத்து வீட்டில் லப்டொப் பாவித்தால், விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளம்போலப் படிந்துவிடும். தகடுகளுக்கு இடையில் உள்ள வெளி ஒரு மில்லிமீற்றரளவுதான். எனவே அடி மூடியைச் சாதாரணத் திருகாணி முடுக்கியால் கழற்றக்கூடிய லப்டொப்பாகப் பார்த்து எடுங்கள். ஊதித் துப்பரவாக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் அச்சு பழுதாகும். சிப்பின் மேல் திரவ உலோகம் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மின்னைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். குலுங்கிக் குலுங்கிப் போகும் பஸ்ஸுக்கு அது உகந்ததல்ல.

சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. சிப் எடுக்கும் வலு, அதன் வேகத்துக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் விகிதமாகும். வேகம் கூட்ட வோல்ற்றளவையும் கூட்ட வேண்டியிருப்பதால், மேல்மட்டத்தில் வலு கிட்டத்தட்ட வேகத்தின் கனத்தோடு ஏறும். திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தி: வலுவை 30 வீதம் குறைத்தாலும் வேகம் 11 வீதம் அளவில்தான் குறையும். இது இலட்சியக் கணக்கு, சிப்புக்குச் சிப் மாறும். ஆனாலும் வன்னியில் கேம் விளையாடுபவர் வலு வரம்பை இறக்கி, படவேகத்தைச் செக்கனுக்கு 60 படம் என்று கட்டிவிட்டால் விசிறியின் அலறலும் குறையும், குழாயும் வரளாது.

பயணத்துக்கான மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் அனுமதி கேட்காமல் கையோடு கொண்டுபோகக்கூடிய பற்றரி 100 வாற்று மணிவரைதான். அதனால்தான் பெரிய லப்டொப்புகளின் பற்றரி 99இல் நிற்கிறது. அதில் முழு வேகத்தில் கேம் ஓடினால் ஒரு மணித்தியாலம் தாண்டாது, பஸ்ஸில் கேம் என்பதை மறந்துவிடுங்கள். எடிட் பண்ணலாம். யூஎஸ்பி-சி வழியாக 100 வாற்றில் சார்ஜ் ஏறும் லப்டொப்பாக எடுங்கள். வாகனத்தின் 12 வோல்ற்றுச் சொக்கற் 10 அம்பியர் தந்தால் 120 வாற்று. அதில் இது ஓடும், 230 வாற்றுப் பெட்டிச் சார்ஜர் ஓடாது. ரம் என்ற நினைவகம் 16 ஜிபிக்குக் குறையாமல், பின்னர் கூட்டக்கூடியதாக இருக்கட்டும். பாரம் இரண்டு, இரண்டரைக் கிலோ வரும். அதற்குள் இரண்டு விசிறியும் தடித்த குழாய்களும் இருந்தால் அந்தப் பாரத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

கடையில் வைத்துப் பார்க்க ஒரு வழி. சார்ஜரைக் கொழுவி, பாரமான ஒரு கேமைப் பதினைந்து நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். பின்பக்கத் துளையருகே கை வைத்தால் காற்று சுடச்சுட வர வேண்டும். அது நோய் அல்ல, குழாய் வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. காற்று குளிராக வந்து சிப் மட்டும் 95 காட்டினால்தான் உள்ளே ஏதோ சரியில்லை. முதல் நிமிடம் கிராபிக்ஸ் சிப் எத்தனை வாற்று எடுத்தது, பதினைந்தாவது நிமிடம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையின் ஏசிக்குள்ளேயே அது பெரிதாக விழுந்திருந்தால், ஐ9 என்றாலும் அடுத்த லப்டொப்பைக் காட்டச் சொல்லுங்கள்.