வார்சா அரசவைச் சிற்றோவியங்கள்: கண்ணாடிக்கு உள்ளிருந்து வரும் ஆபத்து

சிற்றோவியம் எனப்படும், உள்ளங்கையில் அடங்கும் பழைய முகச் சித்திரத்தை எண்ணெய் ஓவியம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். முகமே போய்விடும். காரணம் அது வரையப்பட்ட விதத்தில் இருக்கிறது.

வின்சென்டி டி லெசூர் (1745–1813) போலந்தின் கடைசி மன்னர் ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்ட் பொனியாடோவ்ஸ்கியின் அரசவைச் சிற்றோவியர். வார்சா அரண்மனை ஓவியக்கூடத்தில் மார்செல்லோ பாச்சியரெல்லியிடம் தொழில் கற்றவர். அக்காலத்தில் மூக்குப்பொடி டப்பியிலும் பதக்கத்திலும் பதித்துப் பரிசளிக்க இத்தகைய உருவங்கள் தேவைப்பட்டன.

ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத யானைத் தந்தத் தகடுதான் தளம். அதன் வழவழப்பான மேற்பரப்பு நீர்வண்ணத்தை எளிதில் ஏற்காது. வண்ணம் திரண்டு நழுவும். அதனால் எண்ணெய்ப்பசையை நீக்கி, நுரைக்கல் பொடியால் தேய்த்து, வேலம்பிசின் கலந்த நீர்வண்ணத்தைப் புள்ளி புள்ளியாகவும் மெல்லிய கீற்றுகளாகவும் வைப்பார்கள். தூரிகையில் ஈரம் சற்று மிகுந்தாலும் அடியில் உள்ள வண்ணம் கரைந்துவிடும். சருமத்தின் ஒளி பெரும்பாலும் தந்தத்தின் ஒளியே. அங்கே வண்ணம் மிகக் குறைவு. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பிசின் நீரில் கரையும்.

அதிகம் கவனிக்கப்படாத சேதம் மூடியிருக்கும் கண்ணாடியால் வருகிறது. சுண்ணாம்பு குறைந்து காரம் (சோடா, பொட்டாஷ் போன்றவை) மிகுந்த பழைய கண்ணாடி, ஈரக்காற்றில் 'அழும்': உட்பக்கம் பிசுபிசுப்பு, நுண்துளிகள், காய்ந்தால் வெண்படிகம். அந்தக் காரத்துளி ஓவியத்தில் பட்டால் வண்ணம் கரைந்து ஓட்டை விழும். பத்து மடங்கு உருப்பெருக்கியால், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். துளி தெரிந்தால் குலுக்காமல், திறக்காமல், சிற்றோவியப் பாதுகாப்பு அறிந்தவரிடம் கொண்டுபோங்கள். கண்ணாடியை மாற்றுவது அவர் வேலை. வெளியே துப்புரவுத் திரவம் தெளிக்கவே கூடாது. விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

தந்தம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். பின்னால் அட்டையோடு முழுக்க ஒட்டியிருந்தால் அசைய இடமின்றி இழைவாக்கில் வெடிக்கும். ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் நிலையாக இருக்கட்டும். ஈரத்துக்குப் பயந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் பெட்டியில் கொட்டி மூடுவது தவறு. திடீரென உலர்வதுதான் விரிசலுக்கு வழி.

வெளிச்சம் 50 லக்ஸை (ஒளியளவு அலகு) தாண்டக் கூடாது. முதலில் வெளிறுவது கார்மைன் சிவப்பு. வெளிறிய கன்னத்தைப் பார்த்து ஓவியரின் பாணி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சட்டகத்தின் விளிம்பில் மறைந்திருந்த இடத்தில் பழைய நிறம் சில நேரம் மிஞ்சியிருக்கும்.

சட்டகம் திறக்கப்படும்போது பின்தாளையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். உருவத்தில் இருப்பவர் யார் என்ற குறிப்பு அந்தத் தாளில் மட்டுமே எஞ்சியிருக்கலாம்.