பிட்டைக் கழற்றினால் போதுமா? வண்டிக் குதிரையின் மூக்கைத் தடவிப் பாருங்கள்

மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு முடி போயிருக்கும். அந்த இடத்தில் தோல் தடித்திருக்கும். தொட்டால் குதிரை தலையை உதறும். தாடைக்கு அடியிலும் அதே மாதிரி தேய்ந்த தடம். கூட்டி வந்தவர் கேட்பார்: “நாங்க பிட்டே போடறதில்ல டாக்டர். பிட்லெஸ்லதான் வண்டி ஓட்டறோம். அப்புறம் எப்படிப் புண் வந்துச்சு?” இதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இனி மொத்தமாக எழுத்திலேயே இருக்கட்டும்.

பிட், அதாவது வாய்க்குள் போகும் இரும்பு இல்லாமல் (அதுதான் பிட்லெஸ்) குதிரை வண்டி ஓட்டலாமா? ஓட்டலாம். பழக்கிய குதிரை, பொருத்தமான தலைப்பட்டை, நிதானமான கை, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். பிட் உட்காரும் இடத்தில் எலும்பு முள்போல வளர்ந்துவிட்ட குதிரைக்கும், நாக்கில் வெட்டுப்பட்டு ஆறிய குதிரைக்கும் அதுவே நல்ல வழியாக இருக்கலாம். எரிச்சலூட்டுவது வேறு: ‘இரும்பு இல்லை, அதனால் வலியும் இல்லை’ என்ற நினைப்பு. இந்த நினைப்பு வந்ததும் கையில் கவனம் போய்விடுகிறது. “எவ்வளவு இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது, வெறும் தோல்தானே?”

வலியைக் கொடுப்பது அழுத்தம். எங்கே விழுகிறது, எவ்வளவு பரப்பில் விழுகிறது, எப்போது விடுபடுகிறது, இவ்வளவுதான் கணக்கு. பிட் போட்டால் இழுப்பு நாக்கிலும், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறிலும் விழும். லகானை மூக்குப்பட்டைக்கு மாற்றினால் அதே இழுப்பு மூக்கெலும்பிலும் கீழ்த்தாடையின் விளிம்பிலும் போய் விழும். அங்கேயும் சதைப்பற்று கிடையாது. தோல், உடனே எலும்பு. மூக்கெலும்பு கீழே வர வர மெலிந்து, கடைசியில் தாங்க ஒன்றுமில்லாமல் கூராக முடிகிறது. அதற்கும் கீழே குருத்தெலும்பும் மென்திசுவும் மட்டும்தான். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றே வழி. அந்த மெத்தென்ற இடத்தில் பட்டையைக் கட்டிவிட்டு மேட்டில் பாரம் இழுக்கச் சொன்னால் அது தலையைத் தூக்கி ஆட்டத்தான் செய்யும். அதற்குப் பெயர் திமிர் இல்லை, மூச்சுத் திணறல்.

பரப்பையும் பாருங்கள். 4 செ.மீ. அகலப் பட்டையை எடுத்துவிட்டு 8 மி.மீ. கயிற்றைக் கட்டினால், அதே இழுப்புக்கு அழுத்தம் ஐந்து மடங்கு. மெல்லிய கயிறு பார்க்க எளிமையாக இருக்கும். மூக்கில் கம்பிபோல் வேலை செய்யும்.

இன்னொரு நினைப்பும் இதன் கூடவே வருகிறது: பிட் போடாத குதிரைக்குப் பல் பார்க்க வேண்டாமாம். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு தேயத் தேயக் கத்திபோல் கூராகும். மூக்குப்பட்டை கன்னத்தை அந்தக் கூரின் மேல்தான் அழுத்துகிறது. உள்கன்னத்தில் புண்ணோடு வரும் பிட்லெஸ் குதிரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது வாய் திறப்பான் போட்டு உள்ளே பார்த்து, கூரை அரத்தால் ராவிவிட வேண்டும். பிட்டை வெறுத்துத் தலையை உதறும் குதிரைக்கும் முதல் வேலை இதுதான். காரணம் ஒரு சின்ன ஓநாய்ப்பல்லாக, அதாவது கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் குட்டிப் பல்லாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் தலைப்பட்டையை மட்டும் மாற்றினால் வலி உள்ளேயே இருக்கும்.

சவாரிக்குச் சரியாக இருந்ததை அப்படியே வண்டிக்குக் கொண்டுவருவது அடுத்த தவறு. முதுகில் இருப்பவருக்கு இடுப்பும் காலும் பேசும். வண்டியில் இருப்பவருக்குக் குரல், சாட்டை, லகான், அவ்வளவுதான். லகானும் குட்டையானது அல்ல; தலையிலிருந்து சேணத்தின் வளையங்கள் வழியாக ஓட்டுபவர் கைவரை பல மீட்டர் ஓடுகிறது. வழியில் உரசுகிறது, தன் கனத்தாலேயே தொங்குகிறது.

தாடைக்கு அடியில் வார் குறுக்காகப் போகும் பிட்லெஸ் வகையில் இதுதான் பெரிய சிக்கல். இடது லகானை இழுத்தால் தலையின் வலப்பக்கத்தை மெதுவாகத் தள்ளும் அமைப்பு அது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த வார் மூக்குப்பட்டை வளையத்துக்குள் வழுக்கிப் போய், வழுக்கித் திரும்ப வேண்டும். நீண்ட லகானின் கனமும் உரசலும் சேர்ந்தால், கையைத் தளர்த்திய பிறகும் அது இறுகியபடியே நிற்கும். நின்றதற்குப் பரிசு அழுத்தம் விடுபடுவதுதான். அது கிடைக்காத குதிரை, நின்று என்ன பயன் என்று கற்றுக்கொள்கிறது. சோதிப்பது எளிது. நீங்கள் மூக்குப்பட்டைக்குள் விரலை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இருக்கையில் உட்கார்ந்து லகானை இழுத்து விடட்டும். விட்ட நொடியே உங்கள் விரலுக்குத் தளர்ச்சி தெரிய வேண்டும். தெரியவில்லையா? வார் தடித்திருக்கலாம், வளையம் சிறியதாக இருக்கலாம். மாற்றுங்கள், முடியாவிட்டால் லகான் இருபக்கமும் நேராக மூக்குப்பட்டையில் மாட்டும் எளிய வகைக்குப் போங்கள். வண்டிக்கு அதுதான் பெரும்பாலும் தெளிவாக வேலை செய்கிறது.

நெம்புகோல் வைத்த ஹேக்கமோர் (இதுவும் பிட் இல்லாமல் மூக்கை அழுத்தும் ஒரு தலைப்பட்டைதான்) பற்றி நீட்ட வேண்டியதில்லை. நெம்புகோலின் கீழ்க்கை 15 செ.மீ., மேற்கை 5 செ.மீ. என்றால் இழுப்பு மூன்று மடங்காகும், திருப்புவதற்கு உதவாது, இரட்டைக் குதிரைப் பூட்டில் அந்தக் கை பக்கத்துக் குதிரையின் வாரில் மாட்டும். வேண்டாம்.

அதிகம் பேர் கவனிக்காதது கண்மறைப்பு, அதாவது குதிரைக்குப் பக்கவாட்டும் பின்பக்கமும் தெரியாமல் தலைப்பட்டையில் வைக்கும் தட்டு. பிட் இருக்கும்போது அது தலைப்பட்டையை வாயோடு சேர்த்து ஓரளவு நிலையாகப் பிடித்து வைக்கிறது. பிட் போனதும், இடது லகானை இழுத்தால் முழுப் பட்டையும் சுற்றி நகர்கிறது. வலது மறைப்பு கண்ணோடு ஒட்டும், இடது மறைப்பு விலகும். பின்னால் சுழலும் சக்கரம் அந்தச் சந்தில் திடீரென்று தெரியும். கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும் பிராணிக்கு அந்த ஒரு கீற்று போதும். இதைத் தடுக்க மூக்குப்பட்டையை இறுக்கக் கூடாது. கன்னத்தின் பின்பகுதியைச் சுற்றி ஒரு தாடைவார் போடுங்கள். தலைப்பட்டை சுற்றுவதும், காதைத் தாண்டிக் கழன்று வருவதும் அதனால் குறையும்.

பொருத்தும் விதம்: கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஓடும் எலும்பு முகட்டை விரலால் தடவிக்கொண்டே முன்னால் வாருங்கள். அது முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே பட்டையின் மேல்விளிம்பு வரட்டும். பிறகு கீழ்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் எலும்பு. அமுங்கினால் பட்டை இறங்கிவிட்டது. மூக்குத்தண்டின் நடுவில் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அங்கே எப்போதும் இடம் இருக்கும்.

“பிட் இல்லாட்டி நிக்காதே” என்று எதிர்த் தரப்பும் உண்டு. மிரண்டு பாயும் நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பை எந்த இரும்பும் நிறுத்தாது. வலி கூடினால் இன்னும் வேகமாக ஓடும். அதே சமயம், பிட்டில் நிற்காத குதிரை பிட்லெஸ்ஸில் நிற்கும் என்று நம்பி வண்டியில் பூட்டுபவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பழக்கம் இல்லாத குதிரைக்கு எந்தத் தலைப்பட்டையும் பிரேக் ஆகாது. இறக்கத்தில் வண்டியின் கனத்தைத் தாங்க வேண்டியது லகான் இல்லை, பிட்டத்தைச் சுற்றி வரும் பின்பட்டை. குதிரை வண்டியை இழுத்து நிற்கும்போது பின்பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம் இருக்கட்டும். அது தொளதொளவென்று இருந்தால் வண்டி பின்னங்காலில் வந்து இடிக்கும். குதிரை பாயும். பழி மூக்குப்பட்டைக்கு வரும்.

மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பிட்டும் மூக்குப்பட்டையும் இரண்டும் இருக்கட்டும், இரண்டு ஜோடி லகான். வண்டி இல்லாமல், அடைத்த வளாகத்தில், பின்னால் நடந்தபடி நீள்லகானில் ஓட்டுங்கள். முதலில் குரல், அடுத்து மூக்கு, அதற்கும் கேட்காவிட்டால் மட்டும் பிட். பத்து முறை ‘நில்’ என்றால் பத்து முறையும் நிற்கும்வரை வண்டியை மறந்துவிடுங்கள். பிறகு பின்னால் எதையாவது இழுத்து ஓசையெழுப்பிப் பழக்குங்கள். பிறகுதான் வண்டி, அதுவும் வளாகத்துக்குள், தலைப்பக்கம் ஒருவர் நிற்க. எத்தனை வாரம் என்று கேட்காதீர்கள், குதிரைதான் சொல்லும்.

தடைதாண்டும் போட்டியில் ஹேக்கமோர் அனுமதி உண்டு என்பதால் வண்டிப் போட்டியிலும் உண்டு என்று முடிவுகட்டாதீர்கள். விதிகள் வேறு வேறு. காப்பீட்டு நிபந்தனையையும் வாசியுங்கள்.

பூட்டிய வண்டியில் குதிரை நிற்கும்போது தலைப்பட்டையைக் கழற்றவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. வண்டியில் பூட்டுவதற்கு முன்பே அதை மாட்ட வேண்டும், வண்டியை அவிழ்த்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். அரிக்கிறதென்று தலையை ஏர்க்காலில் தேய்க்க விடாதீர்கள், தயவுசெய்து. பட்டை கழன்று, கண்மறைப்பும் போய், பின்னால் வண்டியைப் பார்த்துவிட்ட குதிரைக்கு முன்னால் நிற்கும் ஆள் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

வண்டியை அவிழ்த்துத் தலைப்பட்டையைக் கழற்றியதும், வியர்வை காய்வதற்குள் முகத்தைப் பாருங்கள். பட்டை இருந்த இடம் ஈரத் தடமாகத் தெரியும். கட்டைவிரலால் அதன் நீளம் முழுவதும் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள்: சூடு, வீக்கம், குதிரை முகத்தை இழுத்துக்கொள்ளும் இடம். வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தக் காயத்தின் அடையாளம். தடம் இடப்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் உங்கள் இடது கை கனமாக இழுக்கக்கூடும்.