நிரையில் நடக்கும்போது வந்த கோலம்

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். சிக்குக் கோலம் என்றால் அவருக்கு உயிர். கையெடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு இழை தொடங்கின இடத்துக்கே திரும்ப வேண்டும். ராத்திரி என் பழைய நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டு அழிப்பார், ஏதாவது ஒரு மூலையில் இழை மாட்டிக்கொள்ளும், எரிச்சலில் நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் எடுத்த பாலை எடைபோட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் பென்சிலைத் தேடுவார். "நெரையில போய்க்கிட்டு இருக்கயில தானா வந்துருச்சுடா!" நிரை என்றால் அவர் வெட்டிக்கொண்டே போகும் ரப்பர் மர வரிசை.

தானாக வரவில்லை. அதற்குள் மூளையில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

மரம் வெட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். புதிதாக வருகிறவருக்கு முழுக் கவனமும் அதிலேயே போய்விடும். வருஷக்கணக்கில் பழகியபின் அந்த வேலையின் பெரும்பகுதியை மூளையின் உள்ளே இருக்கும் பேசல் கேங்லியா போன்ற பகுதிகள் ஏற்றுக்கொள்கின்றன. கை பாட்டுக்கு வெட்டும், கால் பாட்டுக்கு அடுத்த மரத்துக்குப் போகும், மனசு சும்மா இருக்கும்.

அந்த 'சும்மா'வில்தான் விஷயமே இருக்கிறது. நம் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. ஒரு வேலையில் கவனம் குவிக்கும்போது அடங்கி, சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் சில மூளைப் பகுதிகளை 2001இல் மார்கஸ் ரெய்க்கல் குழு விவரித்தது. டிஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். பழைய நினைவுகளைக் கிளறுவது, நாளை நடக்கப்போவதைக் கற்பனை செய்வது எல்லாம் இதோடு சேர்ந்தவை. புது யோசனை வரும்போது இந்த வலையமைப்பும், 'இது சரி, இது தேறாது' என்று வடிகட்டும் இன்னொரு வலையமைப்பும் சேர்ந்து இயங்குவதைப் பிறகு வந்த ஸ்கேன் ஆய்வுகள் காட்டின.

ஆனால் சும்மா உலாத்தினால் மட்டும் போதாது. 2009இல் உட் நா சியோவும் தாமஸ் ஓமராடும் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதலில் பிரச்சினையோடு நன்றாக மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இடைவேளையின் பலன் அதிகம். சொல் புதிர் போன்ற சிலவற்றில், வெறுமனே ஓய்வெடுப்பதைவிட லேசான ஒரு வேலை செய்வது கூடுதலாக உதவியது. அம்மா முதல் நாள் ராத்திரி அழித்து அழித்துப் போட்டாரே, அது வீண்போகவில்லை.

நடையைப் பற்றித் தனியாகவே ஒரு ஆய்வு இருக்கிறது. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும், ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டு ஆட்களைச் சோதித்தார்கள். உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட நடந்தபோது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும் பலன் இருந்தது, ஆகவே தோட்டத்தின் பச்சைக்குப் பெரிய பங்கில்லை என்றுதான் நினைக்கிறேன் (எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்). ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மட்டும் நடை உதவவில்லை. சரிபார்க்க மேசைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும், அம்மா பென்சிலைத் தேடியதுபோல.

நமக்கு நிரை இல்லை, ஆனால் பாத்திரம் கழுவுகிறோம், துணி காயப்போடுகிறோம், தெருவோர ஒட்டுக்கடையில் வரிசையில் நிற்கிறோம். அங்கெல்லாம் இப்போது கைப்பேசி புகுந்துவிட்டது. மாறி மாறி வரும் வீடியோ கவனத்தை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால் மனசு அலையவே வழியில்லை.

போன வாரம் மச்சான் கடைக்கு ஒரு தீபாவளி விளம்பர வாசகம் எழுதித் தர வேண்டியிருந்தது, ரெண்டு ராத்திரி முட்டிக்கொண்டும் வரவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பஜாருக்கு நடந்தேன். ரயில் தண்டவாளம் தாண்டும்போது வந்தது. மறந்துவிடாமல் முணுமுணுத்தபடியே வீடு வந்து சேர்ந்தேன், வாசலில் அம்மா கேட்டார்: "கறிவேப்பில எங்கடா?"